ஒரு பழைய பேஸ் கிட்டாரின் வரவு செலவு

பெங்களூரு பெல்லந்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆறாவது மாடியில், வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு கோயம்புத்தூர்க்காரரிடம் 31,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய ஸ்குவயர் கிளாசிக் வைப் பிரிசிஷன் பேஸ் கிட்டார் என்னிடம் வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இதற்குள் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் நடந்த கல்யாண வரவேற்புகள், கோலார் தங்கவயலில் இரண்டு கோயில் திருவிழாக்கள், எண்ண மறந்துபோன ஒத்திகைகள் என்று எங்கள் மெல்லிசைக் குழுவோடு அது எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. கையில் இருப்பதை விற்றுவிட்டு வேறொன்று வாங்குவதா, இருப்பதற்கே பாகங்களை மாற்றி உயர்த்துவதா என்று யோசித்துக்கொண்டிருப்பவருக்கு உதவும் என்பதால், கருவியின் குணத்தை மட்டும் சொல்லாமல் அதில் நான் போட்ட பணம் எங்கே போயிற்று என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஸ்குவயர் என்பது ஃபெண்டர் கிட்டார் நிறுவனத்தின் விலை குறைந்த வரிசை. லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது, நிறுத்திவைத்து வாசிக்கும் ஆளுயர டபுள் பேஸ் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்குத் தோளில் மாட்டும் கருவி ஒன்று கிடைத்தது. நெக் எனப்படும் கழுத்துப் பகுதியின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள், அதாவது ஃப்ரெட், இருப்பதால் விரல் வைத்த இடத்தில் சுருதி துல்லியமாக நிற்கும் என்பதுதான் அந்தப் பெயருக்குக் காரணம். இன்று நாம் காணும் இரண்டு துண்டாகப் பிரிந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பாகம்) அதற்கு 1957இல் வந்தது. அந்த இரண்டு துண்டுகளும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டிருப்பதால் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. ஜெனரேட்டரும் சீரியல் விளக்கும் ஒரே வயரில் ஓடும் கல்யாண மண்டபத்தில் நின்று வாசித்தவருக்கு இதன் அருமை தெரியும். 1960இல் வந்த ஜாஸ் பேஸ் வகையில், இரண்டு பிக்கப்புகளின் வால்யூமும் சமமாக இல்லாவிட்டால் பாடகர் ஆலாபனையில் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் ஆம்ப்ளிஃபயர் "ம்ம்ம்" என்று கூடவே சுருதி போடும்.

என் கருவி அறுபதுகளின் பிரிசிஷன் பேஸை அடியொற்றிச் செய்யப்பட்டது. பாப்ளர் மர உடல், மேப்பிள் நெக், இருபது ஃப்ரெட், 34 அங்குலக் கம்பி நீளம், ஒரே ஒரு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன் என்று இருக்கிறது, பேட்டரி கிடையாது. விரல்பலகை இந்தியன் லாரல் என்று விற்கப்படும் மரம். அது வேறொன்றுமில்லை, நம் காடுகளில் வளரும் கருமருதுதான். 2017 தொடக்கத்தில் ரோஸ்வுட் எனப்படும் ஈட்டி மரப் பேரினம் முழுவதும், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களுக்கான சைட்டிஸ் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியதும், விற்பனைக்காக எல்லை தாண்டும் ரோஸ்வுட் கிட்டார்களுக்குத் தாள் கேட்கப்பட்டதால், பல கிட்டார்களில் ரோஸ்வுட் இருந்த இடத்துக்கு இந்த மரம் வந்தது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 இறுதியில் விலக்கு கிடைத்தும் கருமருது போகவில்லை. பார்வைக்குச் சற்று வெளிறியிருக்கும். ஆறு மாதத்துக்கொருமுறை இரண்டு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். ஒலியில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை, தெரிகிறது என்று சொல்பவரோடு சண்டையும் இல்லை.

தலைப்பகுதியை ஒட்டிக் கம்பிகளைத் தாங்கும் பட்டையான நட்டருகே நெக்கின் அகலம் 42 மில்லிமீட்டர். ஜாஸ் பேஸில் அது 38. நான்கு மில்லிமீட்டர் என்பது கேட்பதற்கு அற்பமாக இருக்கும். மூன்று மணி நேரக் கச்சேரியின் முடிவில் இடக்கை கட்டை விரலின் அடிச்சதை அதை வேறுவிதமாகச் சொல்லும். சிறிய கை உள்ளவர்கள் வாங்கும் முன் அரை மணி நேரமாவது முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் வாசித்துப் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டு மாதத்தில் பழகிவிட்டது.

வாங்கிய அன்று நான் செய்த சோதனைகளைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பழைய கருவியில் பணம் மிச்சமாவதும் பறிபோவதும் அந்த ஒரு மணி நேரத்தில்தான். தலைப்பகுதியின் பின்னே இருந்த வரிசை எண் ஐ, சி, எஸ் என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கி, அடுத்து 20 என்று இருந்தது. இந்தோனேசியாவில் கோர்ட் தொழிற்சாலையில் ஸ்குவயருக்காக 2020இல் செய்யப்பட்டது என்று அதற்குப் பொருள். விற்பவர் சொன்ன ஆண்டோடு அது ஒத்துப்போனது. பிறகு ஆம்ப்ளிஃபயரில் மாட்டாமலேயே வாசித்தேன். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாம் எட்டாம் ஃப்ரெட் அருகே கம்பிக்குக் கீழே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இருந்தால் நல்லது. என் கட்டை விரல் நகமே நுழைந்தது, அதாவது நெக் முன்பக்கமாக வளைந்திருந்தது. இது பயப்பட வேண்டிய சங்கதி அல்ல, ஆனால் நெக்குக்குள் ஓடி அதன் வளைவைத் திருத்தும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டு இன்னும் திரும்புகிறதா என்பது பெரிய சங்கதி. முறுக்கி முறுக்கி எல்லை தொட்டுவிட்ட ட்ரஸ் ராட் உள்ள கருவியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அனுமதி கேட்டு, கொண்டுபோன சாவியால் கால் சுற்று திருப்பினேன். பிகு இருந்தது, திரும்பியது.

கடைசியாக, மிக மெல்லிய ஜி கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து ஏழாம் ஃப்ரெட் வரை ஒவ்வொரு ஸ்வரத்தையும் மீட்டி, அது தானாக அடங்கும்வரை காத்திருந்தேன். போல்ட் போட்டு இணைத்த மேப்பிள் நெக் உள்ள இவ்வகை பேஸ்களில், நெக் அதிரும் விதமும் அந்த ஸ்வரமும் ஒத்துப்போகும் இடத்தில் கம்பியின் சக்தியை மரமே குடித்துவிடும்; மற்ற ஸ்வரங்கள் பத்து விநாடி நின்றால் அது மூன்றில் செத்துவிடும். விலை உயர்ந்த கருவிகளிலும் இது உண்டு என்பதால் குறை என்று சொல்வதைவிட குணம் என்று சொல்வதே சரி. இந்தக் கருவியில் அது ஆறாம் ஃப்ரெட்டில் இருந்தது. அதைச் சொல்லி விலையைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. வால்யூமைத் திருகும்போது எழுந்த கரகரப்பையும், கேபிள் மாட்டும் ஜாக் ஆடியதையும் சொன்னேன். "நீங்க பொறுமையா பாத்துக்கோங்க, ஒண்ணும் அவசரமில்லைங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், 35,000 என்று ஆரம்பித்த விலையை அந்த இரண்டுக்காக 31,000 ஆக்கினார். புதியதற்கு அப்போது நான் விசாரித்த கடையில் 52,000 சொன்னார்கள்.

இதற்கு முன் என்னிடம் இருந்த பேஸ் கிட்டாரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அது பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் வகை. அத்தகைய கருவிகளில் ஜாக்கில் கேபிள் செருகியவுடன் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இயங்கத் தொடங்கிவிடும். வாசித்து முடித்துக் கேபிளைப் பிடுங்காமல் படுக்கப் போனால் சில நாட்களில் பேட்டரி தீர்ந்துவிடும். எனக்கு அது தீர்ந்தது ஒரு வளைகாப்புக் கச்சேரியின் நடுவில், அதுவும் பல்லவி திரும்பும் இடத்தில். நகரின் ஒரு கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கேட்டபோது 5,000 என்றார்கள். கடைக்காரர் அதைத் துடைத்து, கம்பி மாற்றி, மாதக்கணக்கில் சுவரில் மாட்டிவைத்து விற்க வேண்டும் என்பதால் அந்த விலையில் அநியாயம் இல்லை. ஆனால் காத்திருக்க முடிந்தவர் தாமே விற்பதுதான் நல்லது.

நானே விற்க மூன்று வாரம் ஆயிற்று. முதல் வாரம் முழுவதும் "லாஸ்ட் பிரைஸ் என்ன?" என்ற ஒரே கேள்விதான், கருவியின் பெயரைக்கூடப் படிக்காமல் அதைக் கேட்பவர்கள் வாங்குவதில்லை என்பது என் அனுபவம். ஒருவர், பார்க்கவே வராமல், கேட்ட விலை முழுவதையும் உடனே அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை (PIN) அழுத்தச் சொன்னார். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு அந்த எண் தேவையே இல்லை, கொடுப்பதற்கு மட்டும்தான் தேவை. இது தெரியாமல் ஏமாந்தவர்கள் உண்டு. கடைசியில் ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவன் தன் தகப்பனாரோடு வந்தான். பேட்டரி விஷயத்தையும், ஒரு ட்யூனிங் சாவி தளர்ந்திருப்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். பையன் பத்து நிமிடம் வாசித்ததைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த தகப்பனார், "எல்லாம் சரி சார், இதுல பாட்டு எங்க கேக்குது?" என்றார். பேஸ் வாசிக்கும் எல்லாருடைய வீட்டிலும் கேட்கப்படும் கேள்விதான். இளையராஜா பாடல் ஒன்றின் சரணத்தைக் கைப்பேசியில் ஓடவிட்டு, கூடவே நான் வாசித்துக் காட்டி, பாதியில் நிறுத்தினேன். நின்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. 9,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.

இனி மேம்படுத்திய கதை. என் உத்தேசம் முதலில் பிக்கப், பிறகு உடல் பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், பிறகு மற்றவை என்று இருந்தது. கம்மனஹள்ளியில் ஒரு வீட்டின் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் கிட்டார் சரிசெய்யும் அண்ணன் ஒருவர், கருவியைக் கையில் வாங்கிக் கண்ணருகே வைத்து நெக்கின் நீளத்துக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாகம் வாங்கறது அப்புறம் தம்பி. மொதல்ல இருக்கறத ஒழுங்கா நிறுத்துவோம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கட்டுப்பட்டிருந்தால் பல ஆயிரம் மிச்சமாகியிருக்கும்.

அவர் செய்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ட்ரஸ் ராடை எட்டில் ஒரு பங்காகத் திருப்பி, நெக் அதற்கு இசையும்வரை சில நிமிடம் விட்டு, மெல்லிய உலோகத் தகடுகளால் இடைவெளியை அளந்து, ஏறக்குறைய 0.35 மில்லிமீட்டரில் நிறுத்தினார். பதினேழாம் ஃப்ரெட்டில் தடித்த கம்பியின் உயரம் 3.5 மில்லிமீட்டர் இருந்தது, அதை 2.4க்கும், மெல்லிய கம்பியை 2க்கும் இறக்கினார். நட்டில் கம்பி உட்காரும் பள்ளங்களைச் சிறு அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, ஊதி, மறுபடி அளந்தார். ஒரு இழுப்பு கூடினால் நட்டையே மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் அந்த வேலையின்போது பேசவே இல்லை. பிறகு பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் விரலை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் ஸ்வரத்தையும் ஒப்பிட்டார். அழுத்திய ஸ்வரம் கூடுதலாக இருந்தால் பிரிட்ஜில் கம்பியின் இருக்கையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், குறைந்தால் முன்னுக்கு. முடிந்ததும் பிக்கப்பின் இரண்டு துண்டுகளின் உயரத்தையும் காதால் கேட்டே திருகினார். இரண்டு மணி நேரம், 1,800 ரூபாய். வீட்டுக்கு வந்து மாட்டியபோது, வேறு யாருடைய கருவியையோ தவறிக் கொண்டுவந்துவிட்டேனோ என்று ஒரு கணம் தோன்றியது. இந்த மதிப்புரையில் ஒரே ஒரு செலவுக்குத்தான் முழு மதிப்பெண் கொடுக்க முடியும் என்றால் அது இதற்குத்தான்.

அடுத்த நல்ல செலவு கம்பிகள். கூடவே வந்தவை உருண்டையான இழை சுற்றிய சாதாரண ரவுண்ட்வவுண்ட். புதிதில் உலோகப் பளபளப்போடு ஒலிக்கும், விரல் நகர்த்தினால் சர் என்று உராயும். நாங்கள் வாசிப்பதில் பாதிக்கு மேல் எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்கள். அவற்றில் பேஸ் கிட்டார் தாளத்துக்குக் காவல் நிற்பதோடு விடாமல் பாட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டாகவே நடந்துபோகும். ஒவ்வொரு ஸ்வரமும் உருண்டையாக, தனித்தனியாக விழ வேண்டும். அதனால் தட்டையான நாடா சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளை 4,200 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு மூன்று ஆண்டு மாற்ற வேண்டியதில்லை என்பதால் விலையைச் சகித்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்: நான் வாங்கிய வகை ரவுண்ட்வவுண்டைவிட இழுவிசை கூடியது, ஆகவே மாட்டிய மறுநாளே நெக் மறுபடி முன்னால் வந்தது, ட்ரஸ் ராடைக் கால் சுற்று முறுக்கினேன். இப்போது அதை நானே செய்கிறேன். மார்ச் மாதத்து வறட்சியும் ஜூலை மழை ஈரமும் மாறிமாறி வரும் பெங்களூரில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது அந்தச் சாவிக்கு வேலை இருக்கிறது.

மிக மலிவான மேம்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். பாத்திரம் துலக்கும் மஞ்சள் ஸ்பாஞ்சில், பச்சை நார் இல்லாத பகுதியை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகினேன். ஸ்வரம் நீண்டு இழுபடாமல் "தும், தும்" என்று கட்டையாக விழும் அந்தப் பழைய ஒலிப்பதிவு வாசம் அப்படியே வந்தது. பத்து ரூபாய். மீதி ஸ்பாஞ்ச் சமையலறைக்குத் திரும்பியது, வீட்டில் ஒரு கேள்வியோடு.

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கனமான பித்தளை பிரிட்ஜ் ஒன்றை 3,900 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். கருவி கனத்தது, ஒலி மாறவில்லை, நான்கு மாதத்தில் கழற்றி 2,500க்கு விற்றேன்.

பிக்கப் கதை அவ்வளவு சுருக்கமானது அல்ல. அமெரிக்காவில் சுற்றிய, பலரும் புகழும் பிரிசிஷன் பிக்கப் ஒன்று பழையதாக 7,500 ரூபாய்க்குக் கிடைத்தது. கரகரத்த வால்யூமையும் ஆடிய ஜாக்கையும் எப்படியும் மாற்ற வேண்டியிருந்ததால் எஸ்.பி. ரோடுக்குப் போனேன். அந்தச் சந்துகளில் கேட்டால் கிடைக்காத மின்னணுப் பாகம் இல்லை, ஆனால் சரியாகக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். வால்யூமைத் திருகும் கன்ட்ரோலை 250 கிலோ ஓம் என்று மட்டும் சொல்லிக் கேட்டால் பி வகையை எடுத்து வைப்பார்கள். அது மின்தடை ஒரே சீராக மாறும் வகை. நம் காதுக்கு வால்யூம் சீராக ஏறுவதுபோல் கேட்க ஏ வகை வேண்டும். அதோடு, பிரிசிஷன் பேஸின் உலோகக் குமிழ் பக்கவாட்டில் சிறு திருகாணியால் இறுகுவது. அதற்குக் கால் அங்குல உருண்டைத் தண்டு வேண்டும். அங்கே பெரும்பாலும் கிடைப்பதோ 6 மில்லிமீட்டர், நுனி பிளந்து ரம்பப் பல் போட்டது. நான்காவது கடையில் ஒரு பெரியவர் பின்னாலிருந்த டப்பாவைக் கவிழ்த்துத் தேடி, தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். இரண்டு கன்ட்ரோல், டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர், ஜாக், ஈயம் எல்லாம் சேர்த்து 650 ரூபாய். கரகரப்பு ஒழிந்தது, ஜாக் ஆடுவதில்லை. இது செய்தே ஆக வேண்டிய செலவு.

பிக்கப் அப்படியல்ல. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே மெட்டை, ஒரே கம்பி, ஒரே வால்யூமில் பதிவு செய்து, எது எது என்று சொல்லாமல் குழுவினருக்குப் போட்டுக் காட்டினேன். கீபோர்டுக்காரர் மூன்று முறையில் இரண்டு முறை சரியாகச் சொன்னார். டிரம்ஸ்காரர் மூன்று முறையும் மாற்றிச் சொன்னார், அதுவும் முழு நம்பிக்கையோடு. தனியாக ஹெட்ஃபோனில் கேட்டால் புதியதில் நடுப்பகுதி கொஞ்சம் முன்னே வருகிறது. மண்டபத்தில் தவிலும் கூட்டமும் எக்கோவும் சேர்ந்தபின் அந்த வேறுபாட்டைத் தேடினாலும் கிடைப்பதில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசிப்பவருக்கு என் தீர்ப்பு பொருந்தாமல் போகலாம்.

விற்கும்போது இந்த மாற்றங்களுக்கு விலை கிடைக்குமா என்று விசாரித்துப் பார்த்தேன். கிடைக்காது. வாங்குபவர் தலையில் எழுதியிருக்கும் பெயரையும் ஃப்ரெட்டின் தேய்மானத்தையும் பார்த்துத்தான் விலை சொல்கிறார். உள்ளே யாருடைய பிக்கப் இருக்கிறது என்பது அவருக்கு மகிழ்ச்சி தரும் செய்தியே தவிர, பணம் தரும் செய்தி அல்ல. சிலர் கை வைத்த கருவி என்று விலையைக் குறைக்கவும் செய்கிறார்கள். அதனால் கழற்றிய மூலப் பிக்கப்பைத் திருகாணிகளோடு ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டு, மேலே தேதி எழுதி வைத்திருக்கிறேன். விற்கும் நாள் வந்தால் அதைத் திரும்ப மாட்டிவிட்டு, வாங்கிய பிக்கப்பைத் தனியாக விற்பேன். இதுவரை கருவிக்கும் மாற்றங்களுக்கும் போனது 49,060 ரூபாய்; பிரிட்ஜும் பழைய பேஸும் திருப்பிக் கொடுத்தது 11,500.

இதை யாருக்குப் பரிந்துரைக்க மாட்டேன் என்றும் சொல்ல வேண்டும். கட்டை விரலால் அடித்து வாசிக்கும் ஸ்லாப் பாணிக்கு இரண்டு பிக்கப் உள்ள கருவிதான் வசதி. அதைவிட முக்கியமானது நான்கு கம்பியின் எல்லை. இதில் மிகத் தாழ்ந்த ஸ்வரம் 41.2 ஹெர்ட்ஸ் ஈ (E). மூன்று கட்டையில், அதாவது ஈயையே ஆதார ஸ்வரமாகக் கொண்ட சுருதியில், இருக்கும் பாட்டுக்கு அது அருமையாகப் பொருந்தும், ஆனால் மேடை ஏறியபின் பாடகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அரைக் கட்டை எறக்கிக்கலாமா அண்ணே?" என்று கேட்டால், இரண்டரைக் கட்டையின் ஆதார ஸ்வரம் என் கருவியில் இல்லாத இடத்துக்குப் போய்விடுகிறது. ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால் பாட்டின் அடித்தளம் காலியாகிவிடும். ஐந்து கம்பி பேஸ் வாங்கினால் 30.9 ஹெர்ட்ஸ் பி (B) வரை இறங்கலாம், ஆனால் அதற்கு இதை விற்க வேண்டும், மறுபடி அந்த "லாஸ்ட் பிரைஸ்" கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே இப்போது ஈ கம்பியின் ட்யூனிங் சாவிக்குப் பதிலாக, ஒரு நெம்புகோலைத் தட்டினால் சுருதி டி (D) வரை இறங்கும் சாவி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். தலைப்பகுதியில் எடை கூடினால் ஆறாம் ஃப்ரெட்டில் சாகும் ஸ்வரம் வேறிடத்துக்கு நகரும் என்று கம்மனஹள்ளி அண்ணன் சொல்கிறார். எங்கே நகரும் என்று கேட்டதற்கு, மாட்டினால்தான் தெரியும் என்றார்.